ஓட்டைக் குடங்களின் வீடு

கருமாத்தூர்
11.8.2024

பேர் வெட்டுகிற பாய் வீட்டாருக்கு,

கருமாத்தூர் சோணை சம்சாரம் அன்னக்கொடி எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் பேரன் அழகுராஜா கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு படம் காட்டினான். "அப்பத்தா, பாத்திரத்துல பேர் வெட்டுற பாய் வீடு ஒண்ணு, மாடிய மியூசியமா ஆக்கிட்டாக. இங்க பாரு, ஒன் பேர் போட்ட குடம்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அது என் குடம்.

ஊரில் அன்னக்கொடிகள் எத்தனையோ பேர் இருக்கலாம். என் குடத்தின் கழுத்தில் மூன்று வளையம் ஓடும். நடு வளையம் ஒரு இடத்தில் நசுங்கியிருக்கும். கல்யாணமான மறு வாரம் கிணற்றுச் சுவரில் நான் இடித்தது. படத்தில் அந்த நசுங்கல் இருக்கிறது.

என் தாய்வீட்டுச் சீர் அது. என் அண்ணன் உக்கிரபாண்டி தலையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிய குடம். எழுபத்தொண்ணில் என் மகன் பேச்சிமுத்துவைப் பெற்றெடுக்கத் தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளையோடு திரும்பி வந்தால் அடுப்படியில் வேறு குடம் உட்கார்ந்திருக்கிறது. என் பேரும் பிள்ளை பேரும் புதுசாக வெட்டியிருக்கிறது. என் நாத்தனார் முத்துத்தாய் வந்து நின்று, "சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனேன்ல மதினி, பிள்ளை பேரை வெட்டிட்டு வருவோம்னு ஒன் குடத்தைக் கொண்டு போனேன். வெட்டுறப்போ ஓட்டை விழுந்துருச்சு. கடைக்காரர் வேற குடம் சும்மாவே குடுத்துட்டார்" என்றாள்.

எந்த ஊரில் கடைக்காரன் சும்மா குடம் கொடுப்பான்? என் குடம் கனத்த குடம். இடுப்பில் வைத்தால் பிள்ளை மாதிரி உட்காரும். இதை வைத்தால் வழுக்குகிறது. நல்ல குடத்தை விற்றுவிட்டு எதையோ கொண்டுவந்து வைத்திருக்கிறாள். களத்தில் அத்தனை பேர் இருக்கும்போது "திருடி" என்றேன். அன்றைக்கு முறிந்தது. அவள் என் படி ஏறவில்லை, நான் அவள் படி ஏறவில்லை. என் வீட்டுக்காரர் செத்தபோது பந்தலுக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போனாள்.

இப்போது என் பேரன், அந்த முத்துத்தாயின் மகன்வழிப் பேத்தி தாமரைச்செல்வியைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். முறைப்பெண்தான். ஆனாலும் நான் இருக்கிற வரைக்கும் திருடி வீட்டில் பெண் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினாலும் எனக்குக் காது சரியாகக் கேட்காது, அது வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தக் குடத்தை முத்துத்தாய் உங்களுக்கு விற்றாள் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். என் மகன் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும். போன் பேசினால் எனக்கு விளங்காது. தபாலில் போடுங்கள். போஸ்ட்மேன் பால்பாண்டி என் கையில்தான் தருவார்.

அன்னக்கொடி


மதுரை
19.8.2024

மரியாதைக்குரிய அன்னக்கொடி அம்மாவுக்கு,

அப்துல் அலீம் எழுதுகிறேன். எனக்கு யாராவது கடிதம் எழுதி வருடக்கணக்காகிவிட்டது. உங்கள் கடிதத்தை ஏதோ வங்கிக் காகிதம் என்று ஓரமாக வைத்துவிட்டேன். என் மனைவி சைனப்தான் பிரித்தாள். படித்துவிட்டு, "இந்தாங்க, மியூசியம் திறந்து மூணு மாசம் ஆகல, திருட்டுக் கேஸ் வந்துருச்சு" என்றாள்.

நீங்கள் கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது. அந்தக் குடத்தை எங்களுக்கு யாரும் விற்கவில்லை. ஏன் என்று சொல்ல எங்கள் மாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மூன்று தலைமுறையாகப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது எங்கள் தொழில். பாத்திரத்தை மணல் பையில் சாய்த்து, நகத்தின் அகலமே உள்ள உளியைப் பிடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எழுத்தை இழுத்துக்கொண்டு போவோம். கை கொஞ்சம் அதிகமாக அழுந்தினால் தகடு கிழிந்துவிடும். அப்படிக் கிழிந்தால் என்ன செய்வது என்று என் பாட்டனார் ஒரு சட்டம் வைத்திருந்தார். எங்கள் உளிக்கு அடியில் விழுந்த ஓட்டை எங்கள் ஓட்டை. காரணம் சொல்லக் கூடாது. அதே எடையில் வேறு பாத்திரம் வாங்கி, பேர் வெட்டிக் கொடுத்து அனுப்ப வேண்டும். ஓட்டையானதை உருக்கப் போடாமல் கடை உத்தரத்தில் தொங்கவிட வேண்டும். வேலைக்கு உட்காருகிறவன் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுப்பான்.

என் மகன் அல் அமீன் இப்போது மிஷினில் பேர் வெட்டுகிறான். தெருமுனையில் பெரிய கடை, கல்யாண மாதங்களில் நிற்க இடம் இருக்காது. மாடியில் பழைய கடை சும்மா கிடக்கிறதே, எங்கள் குடும்பத்துக் கைவேலையை நாலு பேர் பார்க்க வைப்போம் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் எங்களிடம் ஒரு நல்ல வேலைகூட இல்லை! நன்றாக வந்தது எல்லாம் ஊரார் வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டது. எங்கள் கையில் மிச்சம் இருந்தது உத்தரத்தில் தொங்கிய ஓட்டைப் பாத்திரங்கள்தான். "எல்லாரும் வாங்குன மெடலத் தொங்க விடுவாங்க, நீங்க மட்டும் விழுந்த ஓட்டையத் தொங்க விடுங்க" என்று சைனப் இன்றைக்கும் சொல்கிறாள். ஆனாலும் வருகிறவர்கள் அதைத்தான் நின்று நின்று பார்க்கிறார்கள்.

உங்கள் குடமும் அப்படி வந்ததுதான். உங்கள் பேரன் காட்டிய படத்தில் மேல் பாதி மட்டும் விழுந்திருக்கும். 'அன்னக்கொடி' என்ற வரிக்குக் கீழே 'பேச்சி' என்று இன்னொரு வரி ஆரம்பித்து, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஓட்டை. அந்த இரண்டாவது வரி என் அத்தாவின், அதாவது என் தகப்பனாரின், கைவேலை. யார் குடம், யார் பேச்சி என்று தெரியாமல், 'பேர் முடியாத குடம்' என்று அட்டையில் எழுதி வைத்திருந்தேன்.

உங்கள் நாத்தனார் சொன்னது நடந்திருக்கிறது அம்மா.

இனி என் ஆசை ஒன்று. உங்களுக்குப் பதிலாகக் கொடுத்த குடம் இருக்கிறதா? என் அத்தா வெட்டிய, ஓட்டை விழாத ஒரு வேலையை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

அப்துல் அலீம்


கருமாத்தூர்
27.8.2024

அலீம் பாய்க்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பேச்சி என்கிற இடத்தை மட்டும் இன்னும் கூடுதலாக.

சரி, அவள் குடத்தைக் கொண்டு போனாள். பிள்ளை பேரை வெட்டச் சொன்னாள். ஓட்டையும் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். எப்படி விழுந்தது? அந்தக் குடத்தில் இரண்டு வருசம் தண்ணீர் சுமந்தவள் நான். கிணற்றிலிருந்து வீடு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. கிணற்றுச் சுவரில் இடித்தே நசுங்கத்தான் செய்தது, உடையவில்லை. அப்பேர்ப்பட்ட தகடு நகத்தளவு உளிக்குக் கிழியுமா? வழியில் பஸ்ஸிலிருந்து கீழே போட்டிருப்பாள். போட்டு உடைத்துவிட்டு உங்கள் அத்தா தலையில் கட்டியிருப்பாள். அப்படியும் இருக்கலாம் இல்லையா?

இல்லை, உங்கள் அத்தா கை அம்புட்டு மோசமா? கோபப்படாதீர்கள். கேட்டால்தானே தெரியும்.

ஓட்டை எம்புட்டுப் பெரிசு, எந்த மாதிரி இருக்கிறது என்று எழுதுங்கள்.

நீங்கள் கேட்ட மாற்றுக் குடம் இருக்கிறது. நான் ஒருநாள்கூட அதில் குடிதண்ணீர் எடுக்கவில்லை. மாட்டுக்குக் கழுநீர் ஊற்றி வைக்கிற குடம் அதுதான். இப்போதும் தொழுவத்தில் கிடக்கிறது.

அன்னக்கொடி


மதுரை
7.9.2024

அன்னக்கொடி அம்மாவுக்கு,

கழுநீர் என்ற இடத்தைப் படித்துவிட்டுச் சைனப் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. "உங்க அத்தாவோட அருமையான வேலைய அரை நூற்றாண்டா மாடுதான் பாத்திருக்கு" என்கிறாள். இருக்கட்டும். தயவுசெய்து அதை யாருக்கும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

என் அத்தாவின் கை மோசமில்லை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் வேறு ஒன்றையும் சொல்ல வேண்டிவரும் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

ஓட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓட்டை இருக்கிறது. அவ்வளவுதான் எழுத முடியும்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால், கீழே ஒரு பெண்ணும் வயதான அம்மாவும் நின்றிருந்தார்கள். அந்தப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும். உங்கள் பேரன் படம் எடுத்த அன்று அவரோடு வந்திருந்தவர். தெரியாமல்தான் வந்தார்கள், தற்செயலாகத்தான் படம் எடுத்தார்கள் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். குடத்தைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள். உங்கள் பேரன் என்னைவிடப் பெரிய ஆள்.

வயதான அம்மா படி ஏறச் சிரமப்பட்டார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. நேராக உங்கள் குடத்துக்கு முன்னால் போய் நின்று, "இந்தா இருக்குல்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பேத்தி அழுதுவிட்டார். அந்த அம்மா அழவில்லை.

முத்துத்தாய் அம்மா என்னிடம் கொஞ்ச நேரம் பேசினார். போகும்போது, "பாய், நான் சொன்னது ஒங்க வீட்டு மாடியத் தாண்டக் கூடாது. எங்க மதினி காகிதம் போட்டுக் கேக்கும். விடாது. நீங்க சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே நீங்கள் கேட்கிறீர்கள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். பொய்யும் எழுத மாட்டேன்.

ஒருதரம் நேரில் வந்து உங்கள் குடத்தைப் பாருங்கள். நான் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

அப்துல் அலீம்


கருமாத்தூர்
12.9.2024

பாய்,

என் குடத்தைப் பற்றி எனக்குத் தெரியாத சங்கதி அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாது! நல்லா இருக்கிறது உங்கள் நியாயம்.

வருகிற வியாழக்கிழமை வாரேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிக்கொள்வேன். கழுநீர்க் குடத்தையும் கொண்டு வாரேன். நீங்கள் பிச்சைக்காரன் மாதிரிக் கேட்டதால்தான்.

அன்னக்கொடி


மதுரை
24.9.2024

அன்னக்கொடி அக்காவுக்கு,

சைனப் உங்களை அக்கா என்று கூப்பிட்டதிலிருந்து எனக்கும் அப்படியே வருகிறது.

வியாழக்கிழமை நடந்ததையே இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் வந்தது, செருப்பைக் கழற்றியது, புளி போட்டுத் தேய்த்த குடத்தை என் கையில் கொடுத்தது, அதுவரை எல்லாம் சந்தோஷம்தான். அத்தாவின் எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் கவனிக்கவில்லை. சைனப்தான் கிள்ளினாள். சுவரில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தின் ஓட்டையிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். குடம், தூக்குச்சட்டி, அண்டா, செம்பு, ஒன்றையும் விடவில்லை. கடைசியாக உங்கள் குடம். வெளியே தடவினீர்கள். பிறகு கழுத்து வழியாகக் கையை உள்ளே விட்டீர்கள். கையை எடுக்க அவ்வளவு நேரம் ஆனது. எடுத்ததும் படி இறங்கிவிட்டீர்கள். தேநீர் அப்படியே இருந்தது. பின்னாலேயே ஓடிவந்தேன், அதற்குள் ஆட்டோ போய்விட்டது.

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

அப்துல் அலீம்


கருமாத்தூர்
10.10.2024

அலீம் தம்பிக்கு,

நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. என் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்ன மாதிரியே நின்றீர்கள். ஆனால் எனக்கு விரல் இருக்கிறதே. உங்கள் வீட்டு ஓட்டைகள் எல்லாம் சீரகம் மாதிரி. நீளமாக, ஒல்லியாக, கீறின மாதிரி. உளி கிழித்தால் அப்படித்தான் கிழியும். என் குடத்தில் மட்டும் வட்டமாக, புளியங்கொட்டை நுழைகிற மாதிரி. உளி எங்கேயாவது வட்டமாக ஓட்டை போடுமா? உள்ளே கைவிட்டால் அந்த வட்டத்தைச் சுற்றி ஈயம் மேடு கட்டியிருக்கிறது. ஒரு பக்கம் தகட்டுத் துண்டு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. விரல் கீறிவிட்டது.

ஒட்டுப் போட்ட குடம். ஏற்கெனவே ஓட்டை விழுந்து, உள்ளே துண்டு வைத்துப் பற்றவைத்து, வெளியே மினுக்கிய பழைய குடம். உங்கள் அத்தா தட்டின தட்டில் ஒட்டு விட்டுப் போச்சு.

என் அண்ணன் உக்கிரபாண்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. கட்டிலில் படுத்திருந்தான். "என் சீருக் குடம் எங்க வாங்கின?" என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். விடவில்லை. "அந்த வருசம் மானம் பொய்ச்சு மழையே இல்ல. புதுக் குடத்துக்கு எங்க போக? பழைய பாத்திரக் கடையில ஒரு கனத்த குடமாப் பாத்து, ஒட்டுத் தெரியாம மினுக்கி, ஒன் பேரை வெட்டிக் கொண்டாந்தேன்" என்றான். அவன் என்னைப் பார்த்து, "ஏத்தா, ரெண்டு வருசம் தூக்குனியே, ஒழுகுச்சா?" என்று கேட்கிறான்.

ஒழுகவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

என் மாமியாரிடம், நாத்தனாரிடம், ஊர்க் கிணற்றடியில் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன். "எங்கண்ணன் கொண்டாந்த குடம், இதுக்கு ஈடா இந்த ஊர்ல ஒரு குடம் காட்டு." அப்படி.

இப்போது கேட்கிறேன். ஆம் இல்லை, ஒரு சொல் எழுதுங்கள். இது ஒட்டுக் குடம் என்று முத்துத்தாய்க்கு அன்றைக்கே தெரியுமா?

அன்னக்கொடி


மதுரை
17.10.2024

அக்காவுக்கு,

தெரியும்.

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அவருக்குப் போன் செய்து சொன்னேன். "அது கைய விட்டுப் பாத்துருக்கும்னு நெனச்சேன்" என்றார். இனிமேல் சொல்லலாமா என்று கேட்டு, அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

ஓட்டை விழுந்ததும் என் அத்தா ஒட்டைக் காட்டியிருக்கிறார். "இது பழைய ஒட்டு தாயி, எங்க உளி கிழிச்சதில்ல. ஆனாலும் எங்க கைக்கடியில விழுந்துருச்சு, வேற குடம் தந்துருவோம். ஒங்க மதினிகிட்ட மட்டும் சொல்லிருங்க" என்றாராம். அதற்கு அவர், "சொல்ல வேண்டாம் பாய். சாதாரணமா ஓட்டை விழுந்துச்சுன்னே இருக்கட்டும்" என்றாராம்.

ஏன் என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"எங்காத்தா வாய் ஒங்களுக்குத் தெரியாது பாய். மருமக சீர்ல ஒரு குத்தம் கெடச்சா போதும்னு காத்துக் கெடந்துச்சு. ஒட்டுக் குடம்னு தெரிஞ்சிருந்தா பச்சப் பிள்ளையோட மதினிய அன்னைக்கே தாய்வீட்டுக்கு அனுப்பிருக்கும். எங்கண்ணனுக்கு எதுத்துப் பேசத் தெரியாது. சரி, ரெண்டு நாள்ல மதினி கோவம் ஆறிரும், அப்பறம் தனியா இருக்கப்போ காதுல போட்டுக்கலாம்னு இருந்தேன். அது களத்துல வச்சுத் திருடின்னுருச்சு. அதுக்கப்பறம் எங்கிட்டுச் சொல்ல?"

அப்துல் அலீம்


கருமாத்தூர்
5.11.2024

அலீம் தம்பிக்கு,

போய்விட்டு வந்தேன். முத்துத்தாய் இப்போது இருக்கிற ஆனையூருக்கு.

மாட்டுத்தாவணியில் இறங்கி மல்லிகை வாங்கினேன். பிறகு என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமல் இரண்டு பஸ்ஸை விட்டேன். வீடு அவள் மகன் சிவக்குமார் கட்டிய வீடு. கதவைத் திறந்தவள் அவள்தான். நான் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன்.

"உள்ள எடுத்துட்டு வா மதினி. திருடி வீடு. வாசல்ல விட்டா காணாமப் போயிரும்" என்றாள்.

அதுதான் முதல் பேச்சு. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வேறு என்ன செய்ய?

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். பூவை வைத்தேன், எடுக்கவில்லை. "பேரனுக்குப் பொண்ணு கேட்டு வந்துருக்கேன்" என்றேன்.

"திருடி வீட்டுலயா?"

"குடத்துக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டேன் முத்து."

"இப்பத்தான் கை நுழைஞ்சுச்சாக்கும்."

எனக்கு எதிர்த்துப் பேச நாக்கு துடித்தது தம்பி. அடக்கிக்கொண்டேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. அன்னைக்குக் களத்துல யாரு யாரு நின்னா, சொல்லு" என்றாள். சொன்னேன். மாமியார், நெல் தூற்றிக்கொண்டிருந்த பெரியகருப்பன், அவன் பெண்டாட்டி, வண்ணாத்தி மாயக்கா, என் வீட்டுக்காரர், கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல அவள் "செத்துட்டாக", "செத்துட்டாக" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கேட்டவுக அம்புட்டுப் பேரும் மண்ணுக்குள்ள போயிட்டாக மதினி. ஆனா நீ சொன்ன சொல்லு மட்டும் சாகலையே. அவுக பிள்ளைக வாயில கெடக்கு. போன வருசம் ஒரு சாவுக்கு வந்தேன், எவளோ சின்னப் பிள்ளை, 'அந்தா குடத்திருடி கெழவி'ங்கிறா. அவளுக்கு என் பேரே தெரியாது. என் பேத்தி அந்த ஊருக்கு வாழ வரணும். அவளையும் குடத்திருடி பேத்தின்னுதான கூப்புடுவாக? நீ எங்கிட்ட வந்து தண்ணி குடிச்சா அது போயிருமா?" என்றாள்.

வீடு வீடாகப் போய்ச் சொல்லட்டுமா என்றேன். "சொல்லுவ. சிரிப்பாக. பேரனுக்காகக் கெழவி மாத்திப் பேசுதும்பாக" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் மாடி ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்து நின்று படிக்கிறார்கள். பேரன்மார் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். எங்கள் ஊர்க்காரன் கையிலும் போன் இருக்கிறது. அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கிற அட்டையை எடுத்துவிடுங்கள். முத்துத்தாய் திருடவில்லை, குடம் ஒட்டுக் குடம், என் தாய்வீட்டில் கொடுத்ததே அப்படித்தான் என்று எழுதி வையுங்கள். அட்டையில் வேண்டாம். பித்தளைத் தகட்டில் வெட்டுங்கள். உங்கள் மகனுடைய மிஷினில் வேண்டாம். நீங்கள் வெட்டுங்கள்.

அன்னக்கொடி


மதுரை
19.11.2024

அக்காவுக்கு,

தகடு வாங்கிவிட்டேன். உளியைத் தீட்டி வைத்திருக்கிறேன். பழைய தகட்டில் வெட்டிப் பார்த்தேன், எழுத்து உட்காருகிறது.

சிக்கல் வேறு இடத்தில். முத்துத்தாய் அம்மாவின் பேரை வெட்டுகிறோம், அவரைக் கேட்காமல் வெட்டக் கூடாதே என்று ஆனையூருக்குப் போன் செய்தேன். மறுநாளே கிளம்பி வந்துவிட்டார். "ஒட்டுன்னு வெட்டாதீங்க பாய்" என்றார். "அதச் சொல்லக் கூடாதுன்னுதான இம்புட்டு நாள் கெடந்தேன். இப்ப ஊரே படிக்கிற மாதிரி வெட்டுனா நான் கெடந்தது எதுக்கு? அவுக அண்ணன் இன்னும் உசுரோட இருக்காக."

சரி, முத்துத்தாய் திருடவில்லை என்பதை மட்டும் வெட்டுகிறேன் என்றேன். "அதப் படிக்கிறவன் சும்மா போவானா? அப்ப திருடின்னு சொன்னது யாருன்னு கேப்பான். மதினி பேரைத்தான் சொல்லணும். எழுபது வயசுக்கு மேல அதுக்கு எதுக்குத் தலைகுனிவு? அது என் வீடு வரைக்கும் வந்துச்சு, செருப்பைக் கையில தூக்கிட்டு உள்ள வந்துச்சு. போதும். அன்னைக்கு ஆத்தாமையில என்னென்னமோ பேசிட்டேன். பொண்ணத் தாறேன்னு சொல்லிருங்க. தகடு வேண்டாம்."

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் வெட்டு என்கிறீர்கள், அவர் வேண்டாம் என்கிறார். சைனப், "ரெண்டு பேரும் சேந்து உங்களத்தான் வெட்டப் போறாங்க" என்கிறாள். கல்யாணம் தையில் என்று உங்கள் பேரன் வந்து சொல்லிவிட்டுப் போனார். முகம் முழுக்கச் சிரிப்பு.

தகடு மேசையில் கிடக்கிறது.

அப்துல் அலீம்


கருமாத்தூர்
25.11.2024

அலீம் தம்பிக்கு,

ஒட்டுப் பேச்சு வேண்டாம் என்கிறாளா, விட்டுவிடுங்கள். அதில் அவள் சொல்வதுதான் சரி. என் அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் வீட்டுக்கு இனி நான் போவதாக இல்லை. அவன் மகன் வந்து கூப்பிட்டான், கதவைச் சாத்திவிட்டேன்.

மற்றதில் அவள் பேச்சைக் கேட்காதீர்கள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு தடவை வாயை மூடிக்கொண்டாள். அதற்கு அவள் பட்டது போதாதா? இன்னொரு தடவை மூட நான் விடமாட்டேன். திருடின்னு சொன்னது யார் என்று படிக்கிறவன் கேட்பானாம். கேட்கட்டும். கேட்பதற்கு முன்னாலேயே அதில் பதில் இருக்கட்டும். இப்படி வெட்டுங்கள்:

இந்தக் குடத்தை முத்துத்தாய் திருடவில்லை.
திருடினாள் என்று சொன்னவள் அன்னக்கொடி.

இரண்டு வரியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். என் பேரைச் சின்னதாகப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் போட்டாலும் போடுவீர்கள், இளகின மனசு.

தை பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு வேன் வருகிறது. மண்டபத்துக்குப் போகிற வழியில் அத்தனை பேரையும் உங்கள் மாடியில் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் பந்திக்கு விடுவேன். யார் ஏறவில்லை என்று நான் கீழே நின்று பார்த்துக்கொள்வேன்.

முத்துத்தாயை இனிமேல் போன் போட்டுக் கேட்காதீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்லுவாள். வெட்டுங்கள்.

அன்னக்கொடி